15 மீட்டர் என்று போட்டிருந்தால் போதுமா? தண்ணீருக்கடியில் படமெடுக்க ஒரு சின்னக் கேமரா

கேள்வி: மயிலாடுதுறையில் இருக்கிறோம். பிப்ரவரியில் அந்தமான் ஹேவ்லாக் தீவுக்குப் போகிறோம். அங்கே நான் ஓப்பன் வாட்டர் ஸ்கூபா பயிற்சி முடிக்கப் போகிறேன். மனைவியும் பன்னிரண்டு வயதுப் பெண்ணும் ஸ்நார்க்கல் மட்டும். ஒரே ஒரு சின்னக் கேமரா வாங்கினால் மூவருக்கும் ஆகுமா? பெட்டியில் 15 மீட்டர் வாட்டர்ப்ரூஃப் என்று போட்டிருப்பது போதுமா? ஊர் திரும்பிய பிறகு தரங்கம்பாடி, பூம்புகார் கடலிலும் எடுக்கலாமா?

பதில்:

ஒரே கேமரா மூவருக்கும் ஆகும். ஓம் சிஸ்டம் டிஜி-7 வாங்குங்கள். நல்ல நிலையில் பழைய ஒலிம்பஸ் டிஜி-6 கிடைத்தால் அதுவும் சரி. கூடவே பிடி-059 ஹவுசிங்கும், அதாவது கேமராவை உள்ளே வைத்துப் பூட்டும் தண்ணீர்புகாப் பெட்டியும், வாங்குங்கள். அது இரண்டு மாடலுக்கும் பொருந்தும். ஸ்நார்க்கலுக்குக் கேமராவை அப்படியே கையில் கொடுக்கலாம். ஸ்கூபாவுக்கு ஹவுசிங்குக்குள் போட்டுத்தான் இறக்க வேண்டும். 15 மீட்டர் உங்களுக்குப் போதாது. ஏன் இதைச் சொல்கிறேன், எந்த இடத்தில் வேறு கேமரா சரிப்படும் என்பதைக் கீழே விரிவாக எழுதுகிறேன். கேமராவை விட, ஹவுசிங் மூடியில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையத்தைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். கேமராக்கள் சாவது அங்கேதான்.

முதலில் ஆழக் கணக்கு. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேலே 1 என்றால் 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3. ஓப்பன் வாட்டர் சான்றிதழ் உங்களை 18 மீட்டர் வரை போக அனுமதிக்கிறது. அடுத்த நிலையான அட்வான்ஸ்டு முடித்தால் 30. ஆக 15 மீட்டர் கேமராவை வெறுமனே எடுத்துப் போனால், நல்ல பாறை ஒன்று 17 மீட்டரில் இருக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டு மேலேயே நிற்க வேண்டும், அல்லது கேமராவைப் பணயம் வைக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. அந்த 15 என்பது அசையாத தண்ணீரின் அழுத்தம். கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு படகிலிருந்து குதித்தால் தண்ணீர் கதவில் அறையும் வேகம் தனி. அதற்கு அந்த எண் பொறுப்பேற்காது. குதித்து இறங்கிய பிறகு படகில் இருப்பவர் கையிலிருந்து கேமராவை வாங்கிக்கொள்வதுதான் முறை.

பிடி-059 ஹவுசிங் 45 மீட்டர் வரை தாங்கும். பொழுதுபோக்கு ஸ்கூபாவின் எல்லையே 40 மீட்டர்தான் என்பதால் அதன் பிறகு ஆழத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம். இந்த ஜோடியில் எனக்குப் பிடித்த காரணம் வேறு: ஹவுசிங் கசிந்தாலும் உள்ளே இருப்பது தானே தண்ணீர் தாங்கும் கேமரா. இரண்டு பூட்டு. புதிதாகக் கற்பவருக்கு இதைவிடப் பெரிய காப்பீடு கிடையாது. சாதாரணக் கேமராவை ஹவுசிங்கில் போட்டு இறக்கினால், வளையத்தில் ஒரு தலைமுடி மாட்டிக்கொண்டாலே மொத்தப் பணமும் போகும்.

இனி படத்துக்கு வருவோம். தண்ணீருக்கடியில் படம் கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கேமரா இல்லை, கேமராவுக்கும் பொருளுக்கும் நடுவே இருக்கும் தண்ணீர்தான். தெளிந்த கடலிலேயே சிவப்பு முதல் 5 மீட்டருக்குள் பெரும்பகுதி காணாமல் போகும். ஆரஞ்சு 10 மீட்டர் வாக்கில், மஞ்சள் 20 மீட்டர் வாக்கில் மங்கும். மிச்சம் நீலமும் பச்சையும். பலரும் இதை ஆழத்தை மட்டும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஒளி கடக்கும் மொத்தத் தூரம்தான் கணக்கு. 8 மீட்டர் ஆழத்தில் இருக்கும் மீனை 3 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் ஒளி 11 மீட்டர் தண்ணீரைக் கடந்து வந்திருக்கிறது. அதே மீனை 30 சென்டிமீட்டரில் எடுத்தால் 8.3 மீட்டர். ஃபிளாஷ் போட்டால் ஒளி போய்த் திரும்ப வேண்டும். ஒரு மீட்டர் தூரம் என்றால் இரண்டு மீட்டர் தண்ணீர். சின்னக் கேமராவின் உள் ஃபிளாஷ் ஒரு மீட்டருக்கு மேல் உருப்படியாக வேலை செய்யாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் கேமரா தேர்வில் நான் முதலில் பார்ப்பது எவ்வளவு அருகில் ஃபோகஸ் ஆகிறது என்பதை. எத்தனை மெகாபிக்சல் என்பது அதற்கெல்லாம் பின்னால் வரும். டிஜி-6, டிஜி-7 இரண்டிலும் 12 மெகாபிக்சல்தான். கடையில் 20 மெகாபிக்சல் கேமராவைக் காட்டி இது குறைவு என்பார்கள். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். இவற்றின் மைக்ராஸ்கோப் முறையில் லென்ஸின் முகத்திலிருந்து 1 சென்டிமீட்டர் தூரத்துப் பொருள்கூடத் துல்லியமாக விழும். விரல்நக அளவுள்ள ஓடில்லாக் கடல் நத்தை, கடல் சாமந்தியின் கைகளுக்கு நடுவே ஒளியும் கண்ணாடி போன்ற இறால், பேத்தை மீனின் கண் எல்லாம் படச்சட்டத்தை நிறைத்து நிற்கும். இந்த விலையில் வேறு எந்தச் சின்னக் கேமராவும் இதைச் சுலபமாகச் செய்வதில்லை.

லென்ஸ் உடம்புக்குள்ளேயே நகர்கிறது, வெளியே நீள்வதில்லை. பிறகு நிறம் திருத்த வசதியான ரா கோப்பு எடுக்கிறது. வெள்ளையை வெள்ளையாகவே காட்டும்படி நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமன், தண்ணீருக்கடிக்கென்று தனியாக உண்டு. குறைகளையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். முழு மேனுவல் முறை கிடையாது. துளை அளவைத் தேர்வு செய்யும் ஏ முறை உண்டு, ஆனால் ஷட்டர் வேகத்தை நம் இஷ்டத்துக்கு நிறுத்த முடியாது. சென்சார் மிகச் சிறியது, 1/2.3 அங்குலம். மங்கிய வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் ஒளியுணர்வு அளவு, 800 தாண்டினால் மீனின் செதில் மாவு பூசியதுபோல் ஆகிவிடும். அதை வெளிச்சத்தால்தான் சரிக்கட்ட வேண்டும்.

சென்சார் பெரிதாக வேண்டும் என்றால் கேனன் ஜி7 எக்ஸ் வரிசை, சோனி ஆர்எக்ஸ்100 வரிசை. இரண்டும் 1 அங்குலச் சென்சார். பரப்பளவில் முன்னதைப்போல நான்கு மடங்கு. முழு மேனுவல் உண்டு. ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் ஃபிளாஷோடு 1/1000 போன்ற வேகத்திலும் சேர்ந்து இயங்கும். சூரியனைப் பின்னால் வைத்து எடுக்க இது பெரிய வசதி. ஆனால் இவை தாமாகத் தண்ணீர் தாங்காது. ஹவுசிங் கட்டாயம், அலுமினிய ஹவுசிங் கேமரா விலையைத் தாண்டும். ஸ்நார்க்கலுக்குக்கூட அந்தப் பெட்டியோடுதான் இறங்க வேண்டும், பன்னிரண்டு வயதுப் பெண் கையில் அது கனம். சோனியின் பழைய ஆர்எக்ஸ்100 மாடல்களில் ஆழத்தில் கைமுறை வெள்ளைச் சமன் எடுக்கப் போனால் அடிக்கடிப் பிழை காட்டும். ராவில் எடுத்துப் பிறகு திருத்த வேண்டியிருக்கும். கேனன் அந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. முப்பது நாற்பது டைவ் முடித்து, தண்ணீருக்குள் ஏறாமல் இறங்காமல் நிற்கும் மிதப்பு கைவந்த பிறகு இந்தப் பக்கம் வாருங்கள்.

நிகான் டபிள்யூ300 ஹவுசிங் இல்லாமலே 30 மீட்டர் தாங்கும் என்று யாராவது பழையதைக் காட்டுவார்கள். 2017இல் வந்த கேமரா, உற்பத்தி நின்றுவிட்டது, ரா கிடையாது. கதவு ரப்பருக்கு வயதாகியிருக்கும். அதை நம்பி 30 மீட்டர் இறக்காதீர்கள். பானசோனிக் எஃப்டி7, ஃபியூஜி எக்ஸ்பி140 பழையவற்றுக்கும் இதே பேச்சுதான். சீலைஃப் மைக்ரோ 3.0 வேறு ரகம்: கதவே கிடையாது, உடம்பு நிரந்தரமாக மூடியது, நினைவகம் உள்ளேயே 64 ஜிபி, 60 மீட்டர் தாங்கும். கசிவு பயத்தில் தூக்கம் போகிறவருக்கு நல்லது. நெருக்கப் படத்தில் டிஜியின் பக்கத்தில் நிற்காது, பேட்டரியும் மாற்ற முடியாது.

ஆக்‌ஷன் கேமரா வீடியோவுக்கு. கோப்ரோ ஹீரோ பிளாக் வெறும் உடம்பில் 10 மீட்டர், அதற்குரிய டைவ் ஹவுசிங்கில் 60 மீட்டர். ஆமை நீந்துவதையும் பெண் கால் உதைப்பதையும் எடுக்க அருமை. அகலக் கோணம் என்பதால் ஒரு சாண் பெரிய மீனும் அதில் கொசுவாகத் தெரியும். நிழற்படம்தான் ஆசை என்றால் அது உங்கள் முதல் கேமராவாக இருக்க வேண்டாம்.

போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இறங்குவதை இடுப்பளவு தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போனில் போட்டிருக்கும் ஐபி68 என்ற தண்ணீர்தாங்கும் குறியீடு நல்ல தண்ணீரில் சோதித்த எண், உப்புக்கும் பழைய ரப்பருக்கும் அது உத்தரவாதம் இல்லை. தண்ணீர் புகுந்த போனுக்குப் பொதுவாக வாரண்டியும் நிற்காது. இரண்டு மூன்று மீட்டர் போனாலே அழுத்தத்தில் உறை திரையோடு ஒட்டி, தொடுதிரை தானாகவே அங்கும் இங்கும் அமுங்கத் தொடங்கும்.

வாங்கும் இடத்தில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கேமராவை ஹவுசிங்குக்குள் போட்டு, பூட்டி, எல்லாப் பொத்தானையும் வெளியிலிருந்து அமுக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றும் அமுங்கி, விட்டதும் முழுதாக மேலே வர வேண்டும். வெள்ளைச் சமனை மாற்ற எத்தனை அமுக்கல் ஆகிறது என்று எண்ணுங்கள். கடலுக்கடியில் நான்குக்கு மேல் போனால் செய்யவே மாட்டீர்கள். பழையது வாங்கினால் ஹவுசிங்கின் வளையம் உட்காரும் பள்ளத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவுக்குக் கீறல் இருந்தால் எத்தனை குறைந்த விலை சொன்னாலும் வேண்டாம். முன் கண்ணாடியின் வெளிப்பக்கம் மெல்லிய கீறல் இருந்தால் பரவாயில்லை, தண்ணீர் அதை நிரப்பிவிடும். உட்பக்கக் கீறல் படத்தில் தெரியும். உபரியாக இரண்டு வளையமும், அந்தக் கம்பெனியே சொல்லும் சிலிகான் கிரீஸும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். நம் ஊர்களில் நினைத்த நேரத்தில் கிடைக்காது.

வளையப் பராமரிப்பு. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். காற்றாடியை நிறுத்துங்கள், தூசியும் முடியும் பறந்து வந்து ஒட்டுவது அதனால்தான். வளையத்தை ஊசி, பின், கத்தி எதனாலும் நெம்பக் கூடாது. இரண்டு விரலால் பக்கவாட்டில் தள்ளினால் ஒரு வளைவு எழும்பும், அதைப் பிடித்து எடுங்கள், அல்லது கூடவே வரும் பிளாஸ்டிக் நெம்பியைப் பயன்படுத்துங்கள். எடுத்ததைக் கண்ணை மூடிக்கொண்டு விரல்களுக்கிடையே ஒரு சுற்று உருவுங்கள். கண்ணுக்குத் தெரியாத மணல் விரலுக்குத் தெரியும். பள்ளத்தைப் பஞ்சு உதிராத துணியால் துடையுங்கள். பிறகு பச்சரிசி மணி அளவு கிரீஸ் எடுத்து வளையம் முழுக்க மினுமினுப்பு வரும்வரை மட்டும் தடவுங்கள். கிரீஸ் தண்ணீரைத் தடுப்பதில்லை, ரப்பர் முறுக்காமல் வழுக்கி உட்காரத்தான் அது. அப்பிவிட்டால் தூசியைப் பிடித்துவைக்கும் பசையாகிவிடும். வாசலின், தேங்காய் எண்ணெய் எதுவும் கூடாது, ரப்பர் ஊதிப்போகும். ஒரு கம்பெனியின் கிரீஸை இன்னொரு கம்பெனி வளையத்துக்குப் போடுவதும் ஆபத்துதான். கேமராவின் சொந்தக் கதவில் இருக்கும் மெல்லிய ரப்பருக்கு, கையேடு சொல்லாதவரை கிரீஸ் வேண்டாம். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். டிஜியில் கதவுக்கு இரண்டு பூட்டு. ஒன்றை மட்டும் தள்ளிவிட்டுக் கிளம்புவதுதான் வழக்கமான தவறு.

வாங்கிய வாரமே சோதித்துவிட வேண்டும். அதற்கு நம் டெல்டாவை விட்டால் நல்ல இடம் இல்லை: பம்புசெட் தொட்டி. மோட்டார் ஓடாத நேரத்தில், தண்ணீர் தெளிந்து நிற்கும்போது, கேமரா இல்லாத வெறும் ஹவுசிங்குக்குள் மடித்த டிஷ்யூ தாளை வைத்துப் பூட்டி, ஒரு கல்லைக் கட்டி அடியில் அரை மணி நேரம் இறக்குங்கள். மிதக்கிறதா, மூழ்குகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். ஹவுசிங்கின் எல்லாப் பொத்தானையும் தண்ணீருக்குள்ளேயே பத்துப் பத்து முறை அமுக்குங்கள். வெளியே எடுத்து, நன்றாகத் துடைத்து, பூட்டுப் பக்கம் கீழே பார்க்கும்படி வைத்துத் திறங்கள். தாள் ஒரு மூலையில் நனைந்திருந்தால் எந்தப் பக்கம் கசிவு என்பதை அந்த மூலையே சொல்லும். நாலு அடித் தண்ணீரில் கசியாதது 18 மீட்டரிலும் கசியாது என்று பொருளில்லை. ஆனால் பெரும்பாலான கசிவுகள் முதல் ஒரு மீட்டரில்தான் நடக்கின்றன. ஆழத்தில் அழுத்தமே மூடியை இறுக்கிப் பிடிக்கிறது. மேலேதான் அது தளர்வாக இருக்கிறது.

அதே தொட்டியிலேயே பயிற்சி. ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு சிவப்புப் பொருள், பளபளக்கும் எவர்சில்வர் டம்ளர் மூன்றையும் அடியில் வையுங்கள். மாஸ்க்கும் ஸ்நார்க்கலும் போட்டு, வெள்ளைத் தட்டைக் காட்டி வெள்ளைச் சமன் எடுக்கப் பழகுங்கள். கடலில் அதற்குப் பதில் வெண்மணலோ உங்கள் உள்ளங்கையோ. ஒவ்வொரு 3 மீட்டர் ஆழம் மாறும்போதும் புதிதாக எடுக்க வேண்டும் என்பதால் விரல் பார்க்காமலே பொத்தானைக் கண்டுபிடிக்க வேண்டும். டம்ளரை ஃபிளாஷோடு எடுத்துப் பாருங்கள், மீன் செதில் எப்படி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் என்று புரியும். கொள்ளிடத்தில், காவிரியில் இறங்கிப் பழக வேண்டாம். மணல் அள்ளிய பள்ளங்களும் சுழியும் இருக்கும் இடத்தில் கண் திரையில் இருப்பது உயிருக்கு ஆபத்து. உங்கள் பெண்ணையும் தொட்டியிலேயே பழக்குங்கள்.

கடலில் ஸ்நார்க்கல் போகும்போது கேமராவில் மிதவைப் பட்டை ஒன்றைக் கட்டாயம் மாட்டுங்கள், ஆரஞ்சு அல்லது மஞ்சளில். டிஜி-7 ஏறக்குறைய 250 கிராம், கைவிட்டால் நேராக அடிக்குப் போய்விடும். ஸ்கூபாவில் மிதவைப் பட்டையைக் கழற்றிவிட்டு, சுருள் கயிறும் கொக்கியுமாக ஜாக்கெட் வளையத்தில் மாட்டுங்கள். ஸ்நார்க்கலில் உடம்பு அலையோடு ஆடுவதால் படம் அசையும். ஐஎஸ்ஓ ஆட்டோ, உச்சவரம்பு 800, தொடர்ந்து சுடும் முறை. வெயில் முதுகில் படும்படி நீந்துங்கள். காலை ஒன்பதரைக்கு மேல், பகல் இரண்டுக்குள் வெளிச்சம் தண்ணீருக்குள் நன்றாக இறங்கும். தாழ்ந்த வெயில் மேல்பரப்பிலேயே தெறித்துப் போகும். இறங்கியதும் லென்ஸ் கண்ணாடியில் காற்றுக்குமிழிகள் ஒட்டியிருக்கும். தண்ணீருக்குள்ளேயே விரலால் ஒருமுறை தடவிவிட்டால் போகும். இதை மறந்து ஒரு காலை முழுக்க எடுத்த படங்களில் வட்ட மங்கல் விழுவது சாதாரணம்.

மேலிருந்து கீழே பார்த்து எடுத்த மீன் முதுகுகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். மீனின் கண் மட்டத்துக்கு இறங்கி, கொஞ்சம் மேல்நோக்கி எடுத்தால் பின்னால் நீலம் வரும். மீனைத் துரத்தாதீர்கள், ஓடுகிற வாலைத்தான் எடுப்பீர்கள். கோமாளி மீன் தன் கடல் சாமந்தியை விட்டு அதிக தூரம் போகாது. ஒரு கை தூரத்தில் அசையாமல் இருந்தால் இரண்டு நிமிடத்தில் அதுவே உங்கள் பக்கம் வரும்.

ஆழத்தில் நிறம் மீட்க மூன்று வழி. 5 முதல் 15 மீட்டர் வரை நீலத் தண்ணீரில் சிவப்பு ஃபில்டர் உதவும். பச்சைத் தண்ணீரில் மஜந்தா நிறம்தான் வேலை செய்யும். ஃபில்டர் வெளிச்சத்தைப் பாதிக்கு மேல் தின்னும், ஃபிளாஷோடு சேர்த்துப் போடவே கூடாது. இரண்டாவது, எல்இடி விளக்கு: நெருக்கப் படத்துக்கும் வீடியோவுக்கும் சரி, அரை மீட்டருக்கு மேல் பகல் வெளிச்சத்தை வெல்லாது. மூன்றாவது, வெளி ஃபிளாஷ், அதாவது ஸ்ட்ரோப். செலவு அதிகம், பலனும் அதுபோலவே. கேமராவின் உள் ஃபிளாஷ் வெளிச்சத்தை ஒரு ஒளியிழைக் கம்பி ஸ்ட்ரோபுக்குக் கொண்டுபோய் அதை எரியவைக்கிறது. சின்னக் கேமராக்கள் அளவெடுக்க முன்கூட்டியே ஒரு சின்ன மின்னல் அடிக்கும். அந்த முன்மின்னலைப் புரிந்துகொள்ளும் ஸ்ட்ரோபாகப் பார்த்து வாங்காவிட்டால், படம் விழும் நேரத்தில் அது எரிந்து முடிந்திருக்கும்.

ஸ்ட்ரோபை லென்ஸுக்கு ஒட்டினாற்போல் வைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் தண்ணீரில் மிதக்கும் தூசி. லென்ஸுக்கும் மீனுக்கும் நடுவே இருக்கும் தூசியில் வெளிச்சம் நேராகப் பட்டால் படம் முழுக்கப் பனி பெய்ததுபோல் வெள்ளைப் புள்ளி விழும். ஸ்ட்ரோபைக் கையால் பக்கவாட்டில் தள்ளி, முகத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பினால், வெளிச்சத்தின் ஓரம் மட்டும் மீனைத் தொடும், நடுவிலிருக்கும் தூசி இருட்டிலேயே இருக்கும். உள் ஃபிளாஷ் லென்ஸுக்கு ஓரங்குலம் பக்கத்தில் இருப்பதால் அதை வைத்து இதைச் செய்யவே முடியாது. ஹவுசிங்கோடு வரும் வெள்ளைச் சிதறல் தகட்டை மாட்டி 30 சென்டிமீட்டருக்குள் எடுத்தால் ஓரளவு தப்பலாம்.

இன்னொரு விஷயம் தட்டைக் கண்ணாடி. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. தட்டைக் கண்ணாடி வழியே பார்க்கும்போது எல்லாம் கால்பங்கு அருகில் வந்ததுபோலவும் மூன்றில் ஒரு பங்கு பெருத்தும் தெரியும். அதாவது டிஜியின் 25 மி.மீ. அகலக் கோணம் தண்ணீருக்குள் 33 மி.மீ. போல் சுருங்கிவிடும். முழு மனிதரையும் பவளப் பாறையையும் சேர்த்து எடுக்கப் பின்னால் போனால் தண்ணீர் கூடும், நிறம் போகும். இதற்கென்று ஹவுசிங்கின் முன்னால் தண்ணீருக்குள்ளேயே மாட்டிக் கழற்றும் அகல லென்ஸ்கள் உண்டு. முதல் வருடம் வேண்டாம். அந்தப் பணத்தை ஸ்ட்ரோபுக்கு வையுங்கள்.

கண்ணாடியில் பனி படிவது நம் கடலோரக் காற்றுக்கே உரிய தொல்லை. நாகப்பட்டினத்திலோ ஹேவ்லாக்கிலோ படகில் வைத்து ஹவுசிங்கை மூடினால் அந்த ஈரக்காற்றையும் சேர்த்துத்தான் மூடுகிறீர்கள். கேமரா சூடாகி, வெளியே தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது அது கண்ணாடியின் உட்பக்கம் படியும். முந்தின இரவே ஏசி அறையில், அறை நன்கு குளிர்ந்து ஈரம் குறைந்த பிறகு, புது சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே வைத்து மூடுங்கள். ஏசி இல்லையென்றால் ஹவுசிங், கேமரா, சிலிகா ஜெல் மூன்றையும் காற்றுப்புகாத டப்பாவில் ஒரு இரவு வைத்திருந்து காலையில் சட்டென்று மூடலாம். சிலிகா பொட்டலம் வளையத்தில் மாட்டிக்கொள்ளாமல் பாருங்கள், அதுவே கசிவாகிவிடும். மூடிய ஹவுசிங்கைப் படகில் வெயிலில் விடாமல் ஈரத் துண்டால் மூடிவையுங்கள்.

கடலிலிருந்து ஏறியதும் உப்புக் காயக் கூடாது. காய்ந்தால் பொத்தான்களின் அடியில் படிகமாகி அடுத்த முறை வளையத்தை அறுக்கும். அரை மணி நேரம் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, ஊறும்போதே பொத்தான்களை அமுக்குங்கள். நாகை, வேதாரண்யம் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. அங்கே கேன் தண்ணீர்தான் எடுக்க வேண்டும். பத்துப் பேர் கேமரா ஒன்றோடொன்று இடிக்கும் பொது வாளியில் ஊறப்போடுவதைவிட ஈரத் துண்டில் சுற்றி அறைக்குக் கொண்டுபோவது மேல்.

விமானத்தில் போகும்போது ஹவுசிங்கைப் பூட்டாமல், வளையத்தைக் கழற்றித் தனியே வைத்துக் கொண்டுபோங்கள். பூட்டியிருந்தால் அழுத்த வேறுபாட்டில் மூடி திறக்க முடியாதபடி ஒட்டிக்கொள்ளும். உபரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான். அந்தமானுக்கு இரண்டு பேட்டரி போதும். வளையத்தை ஆண்டுக்கொருமுறை மாற்றிவிடுங்கள், பார்க்க நன்றாக இருந்தாலும்.

தண்ணீர் உள்ளே தெரிந்தால்: கண்ணாடி முகம் கீழே பார்க்கப் பிடியுங்கள், தண்ணீர் அங்கே தேங்கட்டும். பதறி வேகமாக மேலே ஏற வேண்டாம், கேமராவுக்காக நுரையீரலைப் பணயம் வைக்கக் கூடாது. மேலே வந்ததும் அணைத்து, பேட்டரியையும் அட்டையையும் எடுங்கள். டிஜியின் உள்கதவு காய்ந்திருந்தால் வெளியே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் சரியாகிவிடும். உள்ளேயே உப்புத் தண்ணீர் போயிருந்தால் அரிசி மூட்டையில் புதைப்பதால் பயனில்லை, ஈரம் போனாலும் உப்பு இருந்து அரித்துக்கொண்டே இருக்கும்.

பயிற்சி நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஓப்பன் வாட்டர் பயிற்சி டைவ்களில் கேமராவைப் பயிற்சியாளர்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. அதில் நியாயம் இருக்கிறது. மிதப்பு வராமல் கேமராவைப் பார்ப்பவர் காலால் பவளத்தை உடைப்பார். பயிற்சி முடிந்து மேலும் இரண்டு டைவ் காசு கட்டி வைத்துக்கொள்ளுங்கள், கேமரா அதற்கு. பவளம், கடற்குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கரையில் செத்துக் கிடக்கும் பவளத் துண்டைக்கூடப் பெண் ஆசைப்பட்டாள் என்று பையில் போடாதீர்கள்.

கடைசியாக நம் கடல். தரங்கம்பாடியிலும் பூம்புகாரிலும் ஹேவ்லாக் நீலத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஆறு கொண்டுவந்த வண்டலும் மணலும் அலையில் ஓயாமல் கலங்கும் கரை இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்றுத் தண்ணீர் இறங்கும் மாதங்களில் கை நீட்டினால் விரல் தெரியாது. அலையும் இழுப்பும் கடுமை. கரையிலிருந்து ஸ்நார்க்கல் போட ஏற்ற இடமே அல்ல. தூண்டில் வளைவுக் கற்களின் மேல் நின்று கேமராவை நீட்டுவதும் வேண்டாம், பாசி வழுக்கும்.

தெற்கே அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் தாண்டிப் பாக் விரிகுடா அமைதியாக, ஆழமில்லாமல், கடற்புல் படுகையோடு இருக்கிறது. வட பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடல் அதில் வருகிறது. அங்கே இறங்கும் முன் வனத்துறையிடம் கேட்டு, அந்த ஊர் மீனவர் ஒருவர் துணையோடுதான் போக வேண்டும். ஆவுளியா, அதாவது அந்தக் கடற்பசு, கண்ணில் பட்டால் படகையும் உங்களையும் தள்ளியே நிறுத்துங்கள். அங்கே உங்களுக்குக் கிடைக்கப்போவது ஒரு சாண் தூரத்துப் படங்கள்: புல் இலையில் ஒட்டிய நத்தை, மணலில் பாதி புதைந்த நண்டு, சின்னக் கணவாயின் கண். கலங்கிய தண்ணீரில் ஒரு சாணுக்குள் நடுவில் தூசி குறைவு. 1 சென்டிமீட்டர் வரை ஃபோகஸ் ஆகும் கேமராவை உங்களுக்குச் சொன்னதற்கு அந்தமான் பாதிக் காரணம், மீதி இந்தப் புல்வெளி. மைக்ராஸ்கோப் முறை, சிதறல் தகடு, ஐஎஸ்ஓ 100 அல்லது 200, மணலைக் கிளப்பாமல் காலை மேலே மடக்கிக்கொண்டு இறங்குங்கள்.